உளநலமும் ஊழியர் உயிரும்

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதி வழியே புறப்படுவோர் நகரின் சந்தடி முற்றாக அடங்குமுன்னரே பாலையூற்றைக் கடந்துவிடுவர். லூர்து அன்னையின் திருத்தலத்தினால் வெளியூரார்க்கும் அறிமுகமான ஊர் இது. ஊர்ப்பெயரிலுள்ள பாலை, நமது காடுகளில் வளர்ந்து வேனிலில் மஞ்சட் பழம் உதிர்க்கும் பாலை மரமே எனக் கொள்ளல் பொருந்தும். ஆயின், தமிழ் பயின்ற எவருக்கும் அச்சொல் பிரிவுத்துயரின் திணையையும் உடன் நினைவூட்டாதிராது. மரப்பெயரும் திணைப்பெயரும் ஒன்றாய் அமைந்துள்ளன. 2004 ஆம் ஆண்டுக்கும் 2009 ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்வட்டாரத்தில் வாழ்ந்தோர்க்கு அவ்வொற்றுமை சொல்விளையாட்டாகத் தோன்றுவதில்லை.

உளநலம் பற்றி எழுதப் புகுந்த ஒருவன் ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் இறங்குவானேன் என வாசகர் வினவலாம். காரணம் உண்டு. உலகளாவிய உளநலம் என்னும் தொடர் இப்போது ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் அடிக்கடி ஒலிக்கின்றது. 2019 ஆம் ஆண்டில் உலக மக்களுள் எண்மரில் ஒருவர், ஏறத்தாழ நூறு கோடிப் பேர், ஏதேனுமோர் உளநோயுடன் வாழ்ந்தனர் என உலக சுகாதார நிறுவனம் 2022 இல் வெளியிட்ட அறிக்கை கூறிற்று. அரசுகள் தம் சுகாதாரச் செலவில் நூற்றுக்கு இரண்டு வீதமளவே உளநலத்துக்கு ஒதுக்குகின்றன என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே. இவை மெய், மறுப்பாரில்லை. ஆயின் இப்பெருங்கணக்கை வீடுவீடாகச் சுமந்து செல்பவர் யார், அவர் எந்த ஊரவர், அவருடைய உயிருக்கு என்ன விலை என்னும் வினாக்களுக்கு அங்கே இடம் அரிது. இக்கட்டுரை அவ்வினாக்களையே எழுப்புகின்றது. இருபக்கமும் சமமாக எடைபோட்டு நடுவில் நிற்கும் நோக்கம் இதற்கில்லை.

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கிய பின்னர், ஓரிரு திங்களுக்குள் திருகோணமலையின் வீதிகளெங்கும் தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் முளைத்தன. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வேலையின்றி இருந்த இளைஞரும் யுவதிகளும் ஒரே மாரிகாலத்தில் கள உத்தியோகத்தராயினர், மொழிபெயர்ப்பாளராயினர், சாரதிகளாயினர். கிணறு இறைத்துச் சுத்திகரித்தல், மலகூடம் அமைத்தல், கூடாரங்களுக்கு நீர் வழங்கல் என அவர்களுடைய நியமனக் கடிதங்களில் எழுதப்பட்டிருந்தது. எழுதப்படாத வேலை ஒன்றும் இருந்தது. அது கேட்டல். பிள்ளையைக் கடல் கொண்டுபோன தாயொருத்தி, கிணற்றடியில் நீரின் உவர்த்தன்மையை அளந்துகொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுப் பையனிடந்தான் தன் கதையைச் சொல்வாள். அவன் குறிப்பேட்டை மூடிவிட்டுக் கேட்பான். அவனுடைய தமக்கையின் வீடும் அதே அலையில் போயிருக்கும். அன்று கிழக்கில் நடந்த உளநலப் பணியின் பெரும்பகுதி இவ்வாறே நடந்தது என்பேன். பயிற்சி பெற்ற உளமருத்துவர் அக்காலத்தில் இலங்கை முழுவதற்குமே ஏறத்தாழ நாற்பதின்மர்தாம்.

இவ்வெற்றிடத்தை நிரப்ப வந்தோர் பலர். அவருட் சிலர் நல்லவர், நெடுநாள் தங்கினர், மொழி கற்றனர். வேறு சிலர் இருநாட் பயிற்சிப் பட்டறைகளை நடத்திவிட்டுப் போயினர். அப்பட்டறை ஒன்றில் யானும் அமர்ந்திருக்கிறேன். வண்ணச் சுண்ணக்கட்டி தந்து, “உங்கள் துயரத்துக்கு ஒரு நிறம் கொடுங்கள்” என்றனர். எம்முடன் வந்திருந்த முதியவர் ஒருவர், மீன்பிடித்தொழில் செய்தவர், சுண்ணக்கட்டியை நெடுநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, “தம்பி, வலைக்கு ஏதும் தருவினமோ எண்டு கேட்டுச் சொல்லு” என்றார். மொழிபெயர்ப்பாளர் அதனை மொழிபெயர்க்கவில்லை. மாலையில் எல்லார்க்கும் சான்றிதழ் கிடைத்தது. எள்ளுவதற்காக இதனைக் கூறவில்லை. துயருற்றவன் எதைக் கேட்கிறான் என்பதைக் கேளாமலே அவனுக்குச் சிகிச்சை வகுக்கும் வழக்கம் அங்கேதான் தொடங்குகின்றது. அனர்த்தகால உளநல, உளசமூக உதவிக்கான சர்வதேச வழிகாட்டிகள் 2007 இல் வெளிவந்தபோது, உள்ளூர் மக்களின் பங்கேற்பும் தீங்கு செய்யாமையும் அவற்றின் அடிப்படை நெறிகளாக வைக்கப்பட்டன. நமது கரையில் நடந்த தவறுகளும் அந்நெறிகள் வேண்டப்பட்டதற்குக் காரணமாயின எனக் கருதுவதில் பிழையில்லை.

இனி, இக்கட்டுரையின் நெஞ்சமான செய்திக்கு வருவோம்.

2006 யூலைப் பிற்பகுதியில் மாவிலாற்று மதகு விடுதலைப் புலிகளால் மூடப்பட்டது. அதனைத் தொடர்ந்து மூண்ட சண்டை ஓகஸ்ட் முதல் நாட்களில் கொட்டியாரக்குடாவின் தென்கரையிலுள்ள மூதூரை அடைந்தது. புலிகள் பட்டினத்துள் நுழைந்தனர். அரச படைகள் எறிகணைகளால் விடையிறுத்தன. மூதூரின் முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் கந்தளாயை நோக்கி நடந்தனர். அவ்வேளை ‘அக்சன் பாம்’ என நம்மவர் அழைத்த, பட்டினிக்கு எதிரான பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் உள்ளூர்ப் பணியாளர் பதினெழுவர் மூதூர் அலுவலகத்தில் அகப்பட்டிருந்தனர். திருகோணமலைக்கான படகுச் சேவை நின்றுபோயிற்று. அந்நாளில் கிண்ணியாப் பாலமும் இல்லை. அது 2009 இலேதான் திறக்கப்பட்டது. அலுவலகத்தை விட்டு நீங்காதிருக்குமாறு அவர்களுக்குக் கூறப்பட்டது. ஓகஸ்ட் 4 ஆம் நாட் காலைவரை வானொலித் தொடர்பு இருந்தது. பின்னர் இல்லை. நிறுவனத்தின் பெயர் பொறித்த மேற்சட்டையுடன், அலுவலக வளவினுள், மிக அண்மையிலிருந்து சுடப்பட்டு அவர்கள் இறந்து கிடந்தனர். ஆண்கள் பதின்மூவர், பெண்கள் நால்வர். பதினறுவர் தமிழர், ஒருவர் முஸ்லிம். தண்ணீரும் சுகாதாரமும் அவர்களுடைய பணியாக இருந்தன.

செய்தவர் யார்? போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழு அதே திங்களின் இறுதியில் அரச பாதுகாப்புப் படையினரே பொறுப்பு என அறிவித்தது. அரசு மறுத்தது. 2006 நவம்பரில் நீதியரசர் உடலகம தலைமையில் சனாதிபதி விசாரணைக்குழு அமைந்தது. அதனை மேற்பார்க்க, இந்திய முன்னாட் பிரதம நீதியரசர் பகவதி தலைமையில் சர்வதேச மேன்மக்கள் குழுவொன்று வந்தது. விசாரணை சர்வதேச நியமங்களுக்கு ஏற்ப நடைபெறவில்லை எனக் கூறி அக்குழு 2008 இல் விலகிப் போயிற்று. பதினாறு வழக்குகளை ஆராய வந்த விசாரணைக்குழு ஏழினை மட்டும் தொட்டு 2009 யூனில் காலாவதியாயிற்று. அதன் முடிவு என அடுத்த திங்களில் வெளிவந்தது யாது? இராணுவத்தின் மீதும் கடற்படையின் மீதும் குற்றமில்லை. தொண்டு நிறுவனமே தன் பணியாளரைக் கவனக்குறைவாக அனுப்பியது என்பதாம். 2013 டிசெம்பரில் அந்நிறுவனம் தன் சொந்த அறிக்கையை வெளியிட்டுப் பாதுகாப்புப் படையினரைச் சுட்டிக் காட்டிற்று. கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழுவே, அரசு நியமித்த ஆணைக்குழுவே, இவ்வழக்கைத் தொடருமாறு 2011 இல் பரிந்துரைத்திருந்தது. இன்றுவரை ஒருவரேனும் தண்டிக்கப்படவில்லை.

இதிலே கசப்பான ஒரு வேடிக்கையும் உண்டு. ஜெனீவா உடன்படிக்கைகளை நாட்டுச் சட்டமாக்கும் சட்டம் இலங்கைப் பாராளுமன்றத்தில் நிறைவேறியது அதே 2006 ஆம் ஆண்டின் முற்பகுதியிலேதான். மூதூர்ப் படுகொலைக்குச் சில திங்கள் முந்தியது. நாடுகளுக்கிடையிலான போரைக் கருதி எழுதப்பட்ட அச்சட்டம் உள்நாட்டுப் போரில் மாண்ட பதினெழுவர்க்கு எவ்வகையிலும் உதவவில்லை.

மூதூரைத் தனியொரு நிகழ்ச்சி எனக் கொள்வதும் தவறு. அவ்வாண்டு ஜனவரி 2 ஆம் நாள் திருகோணமலைக் கடற்கரையில் மாணவர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வழக்கில் நிறுத்தப்பட்ட விசேட அதிரடிப் படையினர் பதின்மூவரும் போதிய சான்றில்லை எனக் கூறி 2019 யூலையில் விடுவிக்கப்பட்டனர். அதே ஜனவரியின் இறுதியில் வெலிகந்தைப் பகுதியில் தமிழர் புனர்வாழ்வுக் கழகப் பணியாளர் கடத்தப்பட்டனர். எழுவர் திரும்பி வரவில்லை. ஓகஸ்ட் 20 ஆம் நாள், மூதூர் நிகழ்ந்து பதினாறாம் நாளில், அல்லைப்பிட்டி மக்களோடு நின்ற அருட்தந்தை ஜிம் பிறவுண் காணாமற் போனார். ஓராண்டின் கணக்கு இது. முழுக்கணக்கும் அன்று.

இவ்விடத்தே உளநலத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனச் சிலர் கேட்பர். கொலை காவற்றுறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது, மனம் மருத்துவருக்கு உரியது என்பது அவர்கள் பிரிவினை. எமது ஒழுங்கையில் ஒருவர் வாழ்கிறார். தொண்டு நிறுவனமொன்றின் வாகனச் சாரதியாக இருந்தவர். 2006 ஓகஸ்டில் அவர் எங்கு நின்றார் என்பதை எழுத வேண்டியதில்லை. மூதூரில் இல்லை என்பது மட்டும் போதும். அவ்வாண்டின் பின்னர் அவர் எந்த வீட்டிலும் வாசலுக்கு முதுகு காட்டி அமர்வதில்லை. கல்யாண வீட்டிலும் சுவரோரம் தேடிச் செல்வார். பட்டாசு வெடித்தால் எழுந்து போய்விடுவார். அவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றால் மாத்திரை கொடுப்பர், கொடுக்கத்தான் வேண்டும், அதனால் நித்திரையும் வரும். ஆனால், “செய்தவன் வெளியிலைதானே நிக்கிறான்” என்று அவர் கூறுவதை எந்த நோய்க்குறிப் பட்டியலில் எழுதுவது? அஞ்சத்தக்கதை அஞ்சுதல் நோயாகுமா? தண்டனையின்மை நீடிக்கும் இடத்தில் அச்சத்துக்குக் காரணமும் நீடிக்கின்றது. காரணம் நிற்க, அச்சத்தை மட்டும் நீக்கித்தருக என மருத்துவரைக் கேட்பது மருத்துவத்தையும் அவமதிப்பதாகும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1993 இல் ‘மனவடு’ என்னும் நூலைத் தமிழில் எழுதினார். போர்க்காலத்தில், போர் நடந்த மண்ணில் இருந்துகொண்டே எழுதப்பட்ட நூல் அது. பின்னர் அவர் கூட்டு மனவடு என்னும் கருத்தை விரித்தார். தனியொருவனின் உள்ளம் மட்டும் காயமுறுவதில்லை. குடும்பம், அயல், ஊர், நம்பிக்கை என்னும் பின்னல் முழுவதும் காயமுறுகின்றது என்பது அதன் சாரம். அயலவன் காட்டிக்கொடுப்பானோ என அஞ்சும் ஊரில் ஒருவன் தன் மனத்தை யாரிடம் திறப்பான்? மட்டக்களப்பில் உளமருத்துவர் கணேசன் ஆழிப்பேரலைக்கு முன்னரே கட்டியெழுப்பத் தொடங்கிய சேவையும் இதே உண்மையை வேறு வழியிற் காட்டிற்று. அங்கொடையை மட்டும் நம்பியிராது, ஊருக்குள்ளே, ஊரவரைக் கொண்டே, நோயாளியைக் குடும்பத்தோடு வைத்துப் பேணும் வழி அது. சொந்த அறிஞரிடமிருந்தே சொந்த மொழியில் கற்கக்கூடிய இத்துணைச் செல்வம் இருக்க, இருநாட் பட்டறைக்காக வரிசையில் நின்றோம்.

நமது வளாகங்களில் அடிக்கடி கேட்கும் எதிர்வாதம் ஒன்றை ஈண்டு நேரே எதிர்கொள்ள வேண்டும். உளவளத்துணை என்பது மேல்நாட்டுச் சரக்கு. ஒடுக்கப்பட்ட மக்களின் சினத்தைத் தணித்து, அரசியலை மழுங்கச் செய்யும் மயக்கமருந்து. தீர்வு வந்தால் மனம் தானே ஆறும் என்பர். இவ்வாதத்தில் ஒரு துளி உண்மை உண்டு என்பதை மேலே கூறியவற்றாலேயே ஒப்புக்கொண்டேன். எஞ்சியது வீம்பு. தீர்வு வரும்வரை தூங்காமல் இருப்பவள் யார்? மேடையில் இவ்வாதத்தைப் பேசுவோன் அல்லன்; அவன் வீட்டில் அடுப்படியில் நிற்கும் தாய். அவளுடைய துயர் அரசியற் சான்றாகப் பத்திரப்படுத்தி வைக்கத்தக்க பொருளன்று. மேலும், சிகிச்சை சினத்தை மழுங்கடிக்கும் என்பது மெய்யாயின் ஆட்சியாளர் அதனை அள்ளி வழங்கியிருத்தல் வேண்டுமே. நடந்ததோ மறுதலை. 2009 க்குப் பின்னர் வடக்கில் தொண்டு நிறுவனங்களின் திட்டங்களுக்கு அனுமதி வழங்கிய சனாதிபதி செயலணி வீடும் வீதியும் கட்ட இசைந்தது. உளசமூகப் பணிகளுக்குத் தடைகள் இட்டது. துயரைப் பேசும் மக்கள் அடுத்து எதைப் பேசுவர் என்பதை அவர்கள் நன்கறிந்திருந்தனர். மேடைப் பேச்சாளர்தாம் அறியவில்லை.

அரசை மட்டும் குறை கூறி நம்மை நாமே விடுவித்துக்கொள்ளவும் இயலாது. உளநோயுற்றவனை ‘விசரன்’ என்னும் ஒரு சொல்லால் அடக்கிவிடுகிறோம். பெண்பிள்ளை மனச்சோர்வுக்கு மருந்து உண்கிறாள் எனத் தெரிந்தால் கல்யாணப் பேச்சு அத்துடன் முடிந்தது. கோயிலில் நூல் கட்டுவதையும் தேவாலயத்தில் நேர்த்தி வைப்பதையும் யான் இழிவாகக் கருதவில்லை. துயருற்றோரை ஊர் சேர்ந்து தாங்கும் முறைகள் அவை, அவற்றின் பயனைச் சோமசுந்தரமும் எடுத்துக் கூறியுள்ளார். ஆயின் நூல் கட்டிய கையோடு வைத்தியசாலைக்கும் செல்லலாம் என்பதை ஊர்ப்பெரியோர் கூறுவதில்லை. உடல் கிடைக்காதமையால் அந்தியேட்டியும் செய்யவொண்ணாது, பொட்டை அழிப்பதா வைத்திருப்பதா என்றறியாது பதினைந்து, இருபது ஆண்டுகளாக இருக்கும் பெண்களை நாம் நடத்தும் முறை பற்றித் தனியே எழுதவேண்டும். இங்கு இவ்வளவே அமையும்.

தொண்டு நிறுவனங்களிடம் கேட்கவேண்டியதற்கு வருகிறேன். ‘சர்வதேச ஊழியர்’, ‘உள்ளூர் ஊழியர்’ என்னும் இரு சொற்களுக்கிடையே ஒரு கடல் கிடக்கின்றது. முன்னையோர்க்கு ஓய்வு விடுப்பு, காப்புறுதி, நிலைமை மோசமானால் விமானம். பின்னையோர்க்குத் திட்டம் முடியும்வரை சம்பளம். 2008 செப்டெம்பரில் அரசின் உத்தரவுப்படி ஐக்கிய நாடுகள் அமைப்பின் சர்வதேச ஊழியர் கிளிநொச்சியை விட்டு வெளியேறினர். மக்கள் வீதியை மறித்து நின்று போகவேண்டாம் எனக் கெஞ்சினர். உள்ளூர் ஊழியருட் பலரும் அவர்தம் குடும்பங்களும் வெளியேற இயலவில்லை; குடும்பங்களைப் புலிகள் விடவில்லை. அவர்கள் அடுத்த எட்டுத் திங்களும் எறிகணைக்குள் இருந்தனர். தன் அமைப்பு இலங்கையிற் கடமை தவறியது என்பதை 2012 நவம்பரில் வெளியான ஐ.நா. உள்ளக மீளாய்வுக் குழுவின் அறிக்கை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளல் நன்று, அது எத்தனை பேரின் வீட்டுக் கதவைத் தட்டிற்று?

அவர்தம் மனநிலை பற்றிய சான்றும் உண்டு. வன்னியிற் பணியாற்றிய உள்ளூர் மனிதநேயப் பணியாளர் 398 பேரிடம் நிகழ்த்தப்பட்ட ஆய்வொன்று 2013 இல் வெளிவந்தது. அவருட் பாதிக்கு மேற்பட்டோரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் பதகளிப்பும் காணப்பட்டன. ஏறத்தாழ ஐவரில் ஒருவரிடம் மனவடு நோயின் அறிகுறிகள் இருந்தன. பிறர் துயரைக் கேட்க அனுப்பப்பட்டோரின் நிலை இது. அவர்களைக் கேட்டவர் யார்? அவ்விறுதி மாதங்களில் முள்ளிவாய்க்கால்வரை காயமுற்றோரைப் பேணிய அரச மருத்துவர்கள் 2009 மேயில் வெளியே வந்தபோது தடுத்து வைக்கப்பட்டனர். யூலையில், தாம் முன்னர் வெளியிட்ட இழப்புக் கணக்குகளை மறுத்துரைக்குமாறு பத்திரிகையாளர் முன்னே அமர்த்தப்பட்டனர். கண்ணாற் கண்டதைக் காணவில்லை எனக் கூறவைத்தல் ஒரு மருத்துவனின் உள்ளத்துக்கு என்ன செய்யும் என்பதை விளக்க நூல் எதுவும் வேண்டியதில்லை.

உலக நிலையும் இதனின் வேறன்று. 2024 ஆம் ஆண்டில் 383 உதவிப் பணியாளர் கொல்லப்பட்டனர் என ஐ.நா. அறிவித்தது. காசாவிலும் சூடானிலும் மாண்டோரே அதிகம். மிகப் பெரும்பாலோர் தத்தம் நாட்டவரே. அவ்வாண்டு மேயில் பாதுகாப்புச் சபை 2730 ஆம் இலக்கத் தீர்மானத்தை நிறைவேற்றி மனிதநேயப் பணியாளரைக் காக்குமாறு நாடுகளை வேண்டிற்று. 2003 இலும் ஒரு தீர்மானம் இருந்தது. இரண்டுக்கும் இடையில் மூதூர் இருக்கின்றது. தீர்மானங்கள் வேண்டா என்பது என் வாதமன்று. கொன்றவனை ஒரு நாட்டு நீதிமன்றத்திலேனும் நிறுத்திக் காட்டாத தீர்மானம், அடுத்த கொலையாளிக்கு என்ன செய்தியைச் சொல்கிறது என்பதே என் வினா.

உளநலத்தைப் பேணுதல் எனின் ஆலோசனை வழங்கல் என்றே பலரும் எண்ணுவதால், இலங்கையிற் கண்கூடாக நடந்த ஒன்றைக் கூறவேண்டும். 1995 இல் இந்நாட்டின் தற்கொலை வீதம் நூறாயிரம் பேருக்கு ஏறத்தாழ 47. உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்று. கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அடுத்துவந்த இருபதாண்டில் அவ்வீதம் மூன்றிலொன்றளவுக்கு இறங்கிற்று. அலுமாரியில் நஞ்சு இருக்கக்கூடாது என்னும் ஓர் ஒழுங்கு விதி எத்தனையோ ஆயிரம் உயிர்களைக் காத்தது. ஆணையிட்டால், நடைமுறைப்படுத்தினால், இந்த அரசுக்கு உயிர்காக்கத் தெரியும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை. உளநோயாளர் பற்றிய சட்டமோ 1873 ஆம் ஆண்டினது. 1956 இல் பெயரும் சில பிரிவுகளும் திருத்தப்பெற்றன. 2005 இல் வகுக்கப்பட்ட பத்தாண்டுக் கொள்கை புதிய சட்டத்தை வேண்டிற்று. பத்தாண்டும் முடிந்தபோது சட்டம் வரவில்லை. பூச்சிகொல்லிக்கு இருந்த விரைவு நோயாளியின் உரிமைக்கு இல்லாமற் போயிற்று.

ஆகவே கேட்பன சில. தொண்டு நிறுவனம் ஒன்று ஓரிடத்துக்குத் தன் வெளிநாட்டு ஊழியரை அனுப்ப அஞ்சுமாயின், அவ்விடத்துக்கு உள்ளூர் ஊழியரையும் அனுப்பலாகாது. அனுப்பினால் திரும்பி வரும் வழியையும் முன்னரே அமைத்தல் வேண்டும். ‘உள்ளூரவர்க்கு ஊர் தெரியும்’ என்னும் சாக்கு மூதூரோடு செத்துவிட்டது. அவர்களுக்கான உளநல உதவி ஒப்பந்தம் முடியும் நாளில் முடியக்கூடாது; மனவடு திட்ட அறிக்கையின் கால எல்லையைப் பார்த்து வருவதில்லை. பிரதேச வைத்தியசாலைகளில் சமூக உளநலப் பணியாளர் நிரந்தர ஊழியராய், தமிழில் பேசக்கூடியவராய், அரசின் சம்பளத்தில் இருத்தல் வேண்டும். நன்கொடையாளர் தலைநகரத்தில் மனம் மாறியதும் மறைந்துபோகும் பதவிகளாக அவை இருத்தல் ஆகாது. மூதூர் வழக்கு, அதில் அக்கறையுடைய எத்தரப்புக்கும் கட்டுப்படாத வழக்குத்தொடுநரிடம் ஒப்படைக்கப்படல் வேண்டும். சாட்சிகள் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த காலத்தில் சாட்சிப் பாதுகாப்புச் சட்டம் இருக்கவில்லை. அது 2015 இல் வந்தது. இப்போது அந்தச் சாக்கும் இல்லை.

நமது சங்கத்தாரிடம் ஒன்று. ஆண்டுதோறும் ஓகஸ்ட் 19 ஆம் நாள் உலக மனிதநேய தினம் கொண்டாடப்படுகின்றது. 2003 இல் பக்தாத்தில் ஐ.நா. அலுவலகம் குண்டுவைத்துத் தகர்க்கப்பட்டு இருபத்திருவர் மாண்ட நாள் அது. நினைக்கத்தக்க நாளே. பதாகை கட்டுவர், விளக்கேற்றுவர், புகைப்படம் எடுப்பர். அதற்குப் பதினைந்து நாள் முன்னதாக வரும் ஓகஸ்ட் 4 ஆம் நாள், பதினெழுவரின் வீட்டார் தமக்குள்ளே நினைவுகூர்வதோடு கழிந்துவிடுகின்றது. இப்போது திருகோணமலையிலிருந்து மூதூருக்குப் படகுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. கிண்ணியாப் பாலத்தின் வழியே பேருந்து செல்கின்றது. வரும் ஓகஸ்டில் நமது கருத்தரங்கை அந்நாளில், அப்பட்டினத்தில், மூதூரின் முஸ்லிம் மக்களையும் உடன் அழைத்து நடத்தலாம் என முன்மொழிகிறேன். முதலிற் பேசுவதற்கு ஒரு சாரதியையோ கள உத்தியோகத்தரையோ அழைப்போம். அவர் வாசலைப் பார்த்து அமரக்கூடிய இடத்தில் நாற்காலி போடவேண்டும்.